மயிற்பொறி

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, வழமைபோல் இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதிக் கொடுக்கலாம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் சில வாரங்களுக்கு முன் எமது வகுப்பில் ஒரு மாணவி கேட்ட வினா எம்மை விடவில்லை. அன்று வகுப்பறையில் நாம் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுதுகிறோம்.

அன்று சீவக சிந்தாமணிக் கதையைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பக்க அடையாளத்துக்காகப் புத்தகத்தில் வைத்திருந்த பழைய போர்டிங் பாஸ் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்துத் தந்த மாணவி, அதிலிருந்த ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் என்ற பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "சார், இந்த பிளேன்ல ஏறவே மாட்டேன்னு நீங்க சொன்னீங்களாமே? எங்க அண்ணன் சொன்னான்" என்றாள். அவள் அண்ணன் பத்து ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் படித்தவன்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "மனம் மாறிவிட்டது, அம்மா" என்று சொல்லிப் பாடத்துக்குத் திரும்பினோம். அவள் அண்ணன் சொன்னது உண்மை. நாம் சொன்னதும் உண்மை. 2008 முதல் 2017 வரை அந்த விமானத்தில் ஏறுவதில்லை என்று விரதம் காத்தோம். இன்று அந்நிறுவனத்தின் வாடிக்கைப் பயணிகள் அட்டை எமது பணப்பையில் இருக்கிறது. இடையில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரை.

வானூர்தி என்ற சொல்லை எழுதப் பழகுமுன் அதன் ஒலியை அறிந்துகொண்ட தலைமுறை எமது. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் எமது ஊர். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வானில் இரைச்சல் கேட்டால் எம் வயதுப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதில்லை, பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். குண்டு போடுவது எதுவாயினும் ஊராருக்கு அது 'பொம்மர்'. சியாய் மார்க்கெட்டி என்ற இத்தாலிய விமானத்தை எம்மூரவர் 'சியாமாச்செட்டி' என்று தமிழாக்கி வைத்திருந்தனர். வருவது எது என்பதை ஒலியைக்கொண்டே சொல்லிவிடுவோம்.

ஆனால் எமது பாட்டனாருக்கு வானூர்தி என்றால் வேறொன்று. எயர் சிலோன் நிறுவனத்தின் முதற்பயணம் 1947 டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடைபெற்றது. அந்த டக்கோட்டா விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. காங்கேசன்துறை விமான நிலையம் என்று அந்நாளில் சொல்லப்பட்டதே பலாலி. சில ஆண்டுகளின் பின் எமது பாட்டனாரும் தம் தங்கையின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுப்பதற்காகப் பலாலியில் ஏறிச் சென்னை போய்வந்தார். "காலமை இஞ்சை தேத்தண்ணி, மத்தியானம் மதராசிலை சோறு" என்று அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எயர் சிலோனுக்குப் பின் 1979 செப்டம்பர் 1ஆம் நாள் எயர் லங்கா பறக்கத் தொடங்கியது. மத்திய கிழக்கில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த எயர் லங்கா நாட்காட்டி, ஆண்டு முடிந்த பின்னும் எம் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் விமானத்தின் வாலில் ஒரு மயில். இராவணன் ஏறிப் பறந்த மயில் ஊர்தி என்று சிங்கள மக்கள் அதைச் சொல்வர். பாட்டனாரோ அந்தப் படத்தைக் காட்டியே எமக்குத் திருத்தக்கதேவரின் மயிற்பொறிக் கதையைச் சொன்னார்.

மாணவச் செல்வங்களுக்காக அக்கதையை மீண்டும் சொல்கிறோம். சச்சந்தன் என்ற அரசன் தன் நாட்டை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அரசி விசயையுடன் இன்புற்றிருந்தான். ஆபத்து வரப்போவதை உணர்ந்ததும் மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்வித்தான். கட்டியங்காரன் வஞ்சகமாக அரண்மனையை வளைத்த நாளில், நிறைசூலியான விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரிட்டு மாண்டான். மயிற்பொறி ஒரு சுடுகாட்டில் இறங்கியது. அங்கேதான் சீவகன் பிறந்தான். பாட்டனாரின் மடியில் இருந்து அக்கதையைக் கேட்ட நாளில், அந்த நாட்காட்டி விமானம் எமக்கு உலகிலேயே அழகான பொருளாகத் தோன்றியது. அந்த விமானத்தைப் பற்றி நாம் கொண்ட முதற் கருத்து அதுவே.

இரண்டாம் கருத்து 2008இல் பிறந்தது. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆசிரியராகப் பணி செய்திருந்தோம். 2006 ஆகஸ்ட் 11ஆம் நாள் ஏ-9 வீதி மூடப்பட்டபின் குடாநாட்டுக்குத் தரைவழி இல்லாது போயிற்று. ஒவ்வொரு தவணையிலும் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடும்போது விடை வராத பெயர்கள் கூடிக்கொண்டே வந்தன. ஆசிரியர்களும் குறைந்தார்கள். ஒருநாள் எமது பெயரையும் யாரோ விசாரித்ததாக வீட்டுக்குச் செய்தி வந்தது. அன்றே தாயார் எமது துணிகளை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

கொழும்பில் சில மாதங்கள் அறையொன்றில் அடங்கிக் கிடந்தோம். முந்திய ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் இரவோடிரவாகப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டதை எவரும் மறந்திருக்கவில்லை. ஒருவழியாகக் கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் கைக்கு வந்து கட்டுநாயக்கா சென்றபோது, எமக்குக் கிடைத்த விமானத்தின் வாலில் அதே மயில். நாட்காட்டியில் கண்ட எயர் லங்கா, ஸ்ரீலங்கன் எனப் பெயர் மாறி நின்றது.

வாசலில் நின்ற பணிப்பெண் கைகூப்பி, "ஆயுபோவன், வணக்கம்" என்றாள். அந்த வணக்கம் எம்மைச் சுட்டது. இருக்க இடம் தராத நாடு, வெளியேறும் வாசலில் மட்டும் எமது மொழியில் வரவேற்கிறதா என்று நெஞ்சு கொதித்தது. அப்பெண் எமக்கு ஒரு தீங்கும் செய்தவளல்லள். ஆயினும் கோபம் கொள்ள எதிரில் வேறு எவரும் இருக்கவில்லை. நாட்டின் பெயரை உடம்பில் எழுதிய அந்த விமானத்தில் இனி ஏறுவதில்லை என்று அவ்விருக்கையில் இருந்தபடியே சபதம் செய்தோம். அதன்பின் கடந்த வழிகள் நீளமானவை. இம்மலருக்கு உரியவை அல்ல. இந்நாட்டில் அகதியாக ஏற்கப்பட்டு, இறுதியில் இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியமர்ந்தோம்.

அடிக்கடி பறப்போர் என்றால் செல்வர்கள் என்று சிலர் எண்ணக்கூடும். அகதிக் குடும்பங்களும் அடிக்கடி பறக்கும் குடும்பங்களே. எமது தமையனார் ரொறன்ரோவில்; தங்கை இலண்டனில்; தாயார் யாழ்ப்பாணத்தில்; மனைவியின் பெற்றோர் சென்னையில். கலியாணம் என்றாலும் சாவு என்றாலும் விமானம் ஏறாமல் முடியாது. 18ஆம் நெடுஞ்சாலையில் புறப்பட்டு, டர்ன்பைக்கில் 9ஆம் வாயிலில் நுழைந்து, நூவர்க் விமான நிலையத்துக்கென 13ஏ வாயிலில் இறங்கும் பாதை எமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். உடைகளில் மிச்சம் பிடித்தோம்; உணவில் மிச்சம் பிடித்தோம்; பயணச்சீட்டில் மட்டும் சபதத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்தோம்.

சபதத்தைக் காக்கச் சான்றுகளும் தேடி வைத்திருந்தோம். 1998இல் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் எயர் லங்காவின் 40 விழுக்காட்டுப் பங்கை வாங்கி அதன் நிர்வாகத்தையும் ஏற்றது. 2007 இறுதியில், இலண்டனிலிருந்து திரும்பும் குடியரசுத் தலைவரின் குழுவினருக்காகப் பயணிகளை இறக்கி இடம் கொடுக்க நிர்வாகம் மறுத்ததாகவும், அதையடுத்து தலைமை நிர்வாகியின் பணி அனுமதி பறிக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. 2008இல் எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது. இதையெல்லாம் வகுப்பிலும் சொல்லி, "அரசின் விமானம் அரசனின் விமானமாகிவிட்டது, அதில் நாம் ஏறுவதில்லை" என்று முடிப்போம். மாணவியின் அண்ணன் கேட்டது அதைத்தான்.

2013இல் தாயார் இலண்டனுக்குத் தங்கையிடம் வந்தார். ஐந்து ஆண்டுகளின் பின் அவரைக் காண நாமும் சென்றோம். எந்த விமானத்தில் வந்தீர்கள் என்று கேட்டோம். அந்த விமானம்தான். எமது முகம் மாறியதைக் கண்டு அவர் சொன்னார்: "ஏறேக்கை அந்தப் பிள்ளை வணக்கம் எண்டு சொன்னாள். நானும் சொன்னனான். நான் பிள்ளையளைப் பாக்க வந்தனான், பிளேனைப் பாக்க வரேல்லை." அவ்வார்த்தையை அப்போது சிரித்துக் கடந்துவிட்டோம்.

2016இல் இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. இனி ஊருக்குப் போகலாம், அடுத்த கோடையில் போகலாம் என்று இருந்தோம். 2017 ஆவணியில் ஒரு வியாழன் மாலை தங்கை அழைத்தாள். தாயாருக்கு நோய் முற்றிவிட்டது; உடனே புறப்பட வேண்டும். "அண்ணா, இண்டைக்கு இரவே ஏறி லண்டன் வந்தால், நாளைக்கு இரவு விமானத்திலை எனக்குப் பக்கத்திலை இடம் இருக்கு. நேரே கொழும்பு. ரெண்டுபேரும் சேந்து போவம்" என்றாள். அது எந்த விமானம் என்று அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

நாம் வேறு வழியில் சீட்டு எடுத்தோம். வளைகுடா நகரமொன்றில் மாறிச் செல்லும் வழி. தங்கையைவிடச் சில மணி நேரமே பிந்திக் கொழும்பில் இறங்குவோம் என்று தாளில் இருந்தது. ஆனால் முதல் விமானம் தாமதித்தது. அடுத்தது எம்மை விட்டுப் போய்விட்டது. மறு விமானம் வரை ஒரு பகலும் ஓர் இரவும் அந்நகரின் விமான நிலையத்தில் கிடந்தோம். அந்த நிறுவனத்தைக் குறைகூற இதை எழுதவில்லை. தாமதம் எவருக்கும் நேரும். அந்த வழியைத் தேர்ந்தவர் நாம்.

கொழும்பிலிருந்து வான் ஒன்றில் வடக்கே சென்றோம். ஒன்பது ஆண்டுகளின் பின் காணும் மண். வவுனியாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. தங்கை பேசவில்லை; அழுதாள்.

ஈமக்கடன்களை எம் கையாலேயே செய்தோம். ஆனால் தாயாரை உயிருடன் காணவில்லை. எட்டாம் நாட் செலவு முடிந்த இரவு தங்கை மெதுவாகச் சொன்னாள். கடைசி நாளில் தாயாருக்கு நினைவு தெளிவாக இருந்ததாம். இருமுறை கேட்டாராம்: "தம்பி எந்தப் பிளேனிலை வாறான்?" என்ன விடை சொன்னாய் என்று கேட்க எமக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கீரிமலையில் அந்தியேட்டி முடித்துத் திரும்பும்போது தங்கையுடன் அவளுடைய விமானத்திலேயே ஏறினோம். மொட்டையடித்த தலை. வாசலில் "ஆயுபோவன், வணக்கம்". இம்முறை நாமும் வணக்கம் என்றோம். குரல் சரியாக வரவில்லை.

நள்ளிரவுக்குப் பின் உறக்கம் வராமல் பின்பகுதியில் போய் நின்றோம். பணியாளர் ஒருவர், சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர், கேட்காமலே தேநீர் தந்தார். எமது தலையைப் பார்த்து, "அம்மாவா, அப்பாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னோம். தம் தாயார் இறந்தபோது தாம் வானில் இருந்ததாகவும், இறங்கிய பின்னரே தெரிந்ததாகவும் சொன்னார். பிறகு பேச்சு எங்கெங்கோ சென்று 2001 யூலை 24இல் நின்றது. அன்று அதிகாலை கட்டுநாயக்கா தாக்கப்பட்டு விமானங்கள் எரிந்தன. அன்று காலைப் பணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவரை வரவேண்டாம் என்று நண்பர் அழைத்துச் சொன்னாராம். "சில மாதங்கள் தமிழ்ப் பயணிகளைக் கண்டால் எனக்குப் பயம். அது எப்போது போனது என்று தெரியாது" என்றார். சற்று நின்று, "மன்னிக்க வேண்டும்" என்றும் சொன்னார்.

நாம் திகைத்தோம். 2008இல் அந்த விமானத்தில் அஞ்சியவர் நாம் மட்டுமே என்று எண்ணியிருந்தோம். 1986 மே 3ஆம் நாள் கட்டுநாயக்காவில் எயர் லங்காவின் ட்ரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்துப் பல நாட்டவர் 21 பேர் மாண்டனர். அந்த ஆண்டும் நாளும் எமக்குத் தெரிந்தவையே. ஆனால் எமது மக்களின் இழப்புகளைத் தேதிவாரியாக அறிந்த ஆசிரியரான எமது பட்டியலில் அந்த 21 பேர் ஒருபோதும் இருந்ததில்லை. அவர்களைச் சேர்த்துக்கொள்வதால் எமது இழப்பில் ஒன்றும் குறையாது என்பது அன்று விளங்கியது. எம்மக்களுக்கு நேர்ந்ததை நாம் மறக்கவுமில்லை. அதற்கு நீதி வேண்டும் என்ற எண்ணத்தை விடவுமில்லை. தேநீர் தந்த அந்த மனிதரிடமிருந்து அதைக் கேட்பதை மட்டுமே விட்டோம்.

அதன்பின் அந்த விமானத்தில் பலமுறை சென்றுவந்தோம். அப்படியானால் இப்போது அதைப் புகழ்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. கோபம் தணிந்தபின்தான் அதை ஒரு விமான நிறுவனமாகப் பார்க்க முடிந்தது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது, எரிபொருள் இன்றி இலங்கை விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அவ்வாண்டு மே 16ஆம் நாள் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய பிரதமர், 2020-2021 ஆண்டில் மட்டும் ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் நட்டம் 45 பில்லியன் ரூபா என்றும், 2021 மார்ச் 31 வரையிலான மொத்த நட்டம் 372 பில்லியன் ரூபா என்றும் அறிவித்தார். விமானத்தில் காலடியே வைத்திராத ஏழைகளும் இச்சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

எமது தாயாரின் அயலில் இடியப்பம் அவித்து விற்கும் பெண்மணி ஒருவர் உண்டு. அவர் விமானம் ஏறியதே இல்லை. எமது பயணத்தின் ஒரு பங்கை அவரும் கட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. பழைய கோபத்தில் இருந்திருந்தால் அந்த நட்டச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்திருப்போம். அந்தப் பெண்மணி எமது நினைவுக்கே வந்திருக்கமாட்டார்.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. மறு ஆண்டு மனைவி மக்களுடன் நாமும் அதில் சென்றோம். சிறிய விமானம். வாலில் மயில் இல்லை. கடல் தாண்டியதும் பனைகள் தெரிந்தன. பாட்டனாரின் தேத்தண்ணிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடிக்குமுன் தரை வந்துவிட்டது.

இனி, வினாக் கேட்ட மாணவிக்கு: ஆம் அம்மா, ஏறமாட்டோம் என்று சொன்னோம். மயிற்பொறிக் கதையை உனக்குச் சொன்ன நாமே அதன் பொருளைப் பிந்தித்தான் அறிந்தோம். விசயையை அரண்மனையிலிருந்து விரட்டியவன் கட்டியங்காரன், மயிற்பொறி அன்று. அது அவளைச் சுமந்து சென்று இறக்கிவிட்டது. நாம் ஒன்பது ஆண்டுகள் கட்டியங்காரனை விட்டுவிட்டு மயிலோடு சண்டை பிடித்தோம். அதற்குக் கொடுத்த விலை பெரிது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். கோபத்தில் நாம் சொல்வதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. தம்பி தங்கையருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கோபம் மாறிய கதையை நாமே சொன்னாலன்றி அது அவர்களைச் சென்று சேர்வதில்லை. அந்த அண்ணன் இப்போது கல்லூரியில் படிக்கிறானாம். இம்மலரை அவனுக்கும் ஒருபடி அனுப்புமாறு அவன் தங்கையைக் கேட்டிருக்கிறோம்.

போர்டிங் பாஸ் இன்னும் அப்புத்தகத்திலேயே இருக்கிறது. விழா இனிதே சிறக்க வாழ்த்துகிறோம்.